அலமாரியில் இருக்கும் எவாஞ்சலியன்

போன மாதம் வீடு மாறினோம். சாமான் ஏற்ற ஈரோட்டிலிருந்து தம்பி வந்திருந்தான். மற்ற பெட்டிகளையெல்லாம் சத்தமில்லாமல் தூக்கியவன், ஒன்றை மட்டும் பாதிப் படிக்கட்டில் இறக்கி வைத்துவிட்டு, "என்னண்ணா இருக்கு இதுல, செங்கல்லா?" என்றான். திறந்து காட்டினேன். நிமிர்த்தி அடுக்கிய டிவிடி, ப்ளூரே டப்பாக்கள். எல்லாம் அனிமேஷன் தொடர்கள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "இது நெட்ஃப்ளிக்ஸ்லயே இருக்கே?"

அவன் கையில் இருந்தது 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்'. "இருக்கு. ஆனா இது இல்ல" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. கீழே வண்டிக்காரர் வேறு கத்திக்கொண்டிருந்தார். விட்டுவிட்டேன். அன்றைக்கு அவனிடம் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சேகரிப்பாளனின் பீலா என்று எனக்கே ஒரு கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எவாஞ்சலியன் 1995 அக்டோபரில் ஜப்பானின் டிவி டோக்கியோவில் தொடங்கி 1996 மார்ச்சில் முடிந்த 26 எபிசோடுத் தொடர். இயக்கம் ஹிடேயாக்கி அன்னோ. பதினாலு வயசுப் பிள்ளைகள் ராட்சத உருவங்களுக்குள் ஏறிச் சண்டை போடும் கதையாக ஆரம்பித்து, அந்தப் பிள்ளைகளின் மனசுக்குள் போய் மாட்டிக்கொள்ளும் கதையாக முடியும். எபிசோடு முடியும்போது 'ஃப்ளை மி டு தி மூன்' பாட்டு வரும். 1954 இல் பார்ட் ஹோவார்ட் எழுதிய அமெரிக்கப் பாட்டு. நம்மில் பலருக்கு ஃப்ராங்க் சினாட்ராவின் குரலில்தான் பழக்கம். அன்னோ அதை ஒரே மாதிரி திரும்பத் திரும்பப் போடவில்லை. பாடும் குரல் மாறும், இசைக்கோர்ப்பு மாறும். சில எபிசோடுகளில் கதாபாத்திரங்களுக்குக் குரல் கொடுத்த நடிகைகளே பாடியிருப்பார்கள். திரையில் நிலா வெளிச்சத்தில், தண்ணீருக்கு நடுவில், ஒரு பெண்ணுருவம் தலைகீழாக மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். அதற்கு ஒரு நிமிடம் முன்னால்தான் ஒரு பிள்ளை நம் கண்ணெதிரே உடைந்துபோயிருப்பான். உடனே இந்த ஜாலியான காதல் பாட்டு. முதல் தடவை பார்க்கும்போது 'என்னய்யா இது, சம்பந்தமே இல்லாம' என்று தோன்றும். பத்தாவது எபிசோடு வாக்கில், அந்தச் சம்பந்தமில்லாமைதான் தொடர் நம்மை வைத்திருக்கும் இடம் என்று புரியும்.

2019 ஜூன் 21 அன்று தொடர் நெட்ஃப்ளிக்ஸில் உலகம் முழுக்க வந்தது. பாட்டு இல்லை. தொடரின் சொந்தப் பின்னணி இசையிலிருந்தே ஒரு பியானோ துண்டை அந்த இடத்தில் வைத்திருந்தார்கள். ஜப்பானில் பார்த்தவர்களுக்கு மட்டும் பாட்டு அப்படியே இருந்தது. ஜப்பானில் மட்டும் இருந்தது என்பதை வைத்துப் பார்த்தால் உரிமச் செலவைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. பியானோ துண்டு மோசமானதில்லை, சோகமாக, அழகாகவே இருக்கிறது. அதுதான் பிரச்சினையும். சோகமான எபிசோடுக்குப் பிறகு சோகமான இசை பொருத்தமாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. அன்னோ கழற்றி வைத்த ஒரு ஆணியை யாரோ அக்கறையாகத் திருப்பி அடித்துவிட்ட மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாட்டையே மாற்றிய அதே தளத்தில், எபிசோடு முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் திரை ஓரத்துக்குச் சுருங்கி, அடுத்த எபிசோடுக்கான பொத்தான் வந்துவிடும். நாம் கையைக் காலை ஆட்டாமல் இருந்தால் அடுத்தது தானாக ஓடும். பாட்டு இருந்திருந்தாலும் பாதிப் பேர் கேட்டிருக்க மாட்டார்கள். பாட்டுக்குப் பிறகு அடுத்த எபிசோடின் முன்னோட்டம் வரும். மிசாட்டோ என்கிற கதாபாத்திரத்தின் குரலில், கடைசியில் "சர்வீஸ், சர்வீஸ்!" என்று ஒரு கொஞ்சலோடு முடியும். அதுவும் போச்சு. ஒரு படைப்பிலிருந்து வெட்டுவது ஒரு வகை. வெட்டியதை யாரும் கவனிக்க முடியாதபடி பார்க்கும் பழக்கத்தையே மாற்றிவிடுவது இன்னொரு வகை. நான் வேலை பார்க்கும் துறை இரண்டாவதில் கெட்டி.

24 ஆவது எபிசோடில் ஒரு காட்சி. ஷிஞ்சி என்ற பையன் கவோரு என்ற இன்னொரு பையனை அந்த ராட்சத உருவத்தின் கைக்குள் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கொல்ல வேண்டும். கவோருவே கொல்லச் சொல்கிறான். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி ஓடுகிறது. படம் அசையவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் ஒரே சட்டகம், ஓவியம் மாதிரி நிற்கிறது. இதை நான் முதலில் பார்த்தது காலேஜ் ஹாஸ்டலில், கணினித் திரையில். அறைத்தோழன் எட்டிப் பார்த்து, "ஹேங் ஆயிடுச்சு மச்சான், ரீஸ்டார்ட் பண்ணு" என்றான். அன்றைக்குச் சிரித்தோம். இன்றைக்கு ஸ்ட்ரீமிங்கில் முதல் தடவை பார்க்கும் ஒருவர் சிரிக்கக்கூட மாட்டார், வைஃபையைத்தான் சந்தேகப்படுவார். டிஸ்க் ஓடும்போது படம் நின்றால் அது இயக்குநர் நிறுத்தியது என்று எடுத்துக்கொள்ளலாம். நெட்டில் ஓடும்போது நிற்கும் படத்துக்கு எப்போதும் இரண்டு அர்த்தம்.

அதே எபிசோடில், அதற்கு முன்னால், குளியலறையில் கவோரு ஷிஞ்சியிடம் ஒரு வார்த்தை சொல்கிறான். ஜப்பானிய மொழியில் 'சுக்கி'. பழைய ஆங்கில சப்டைட்டிலில் அது 'லவ்' என்று இருந்தது. நெட்ஃப்ளிக்ஸுக்காகச் செய்த புதிய மொழிபெயர்ப்பில் 'லைக்' ஆனது. பெரிய சண்டை. இரண்டு ஆண் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்த காதலைத் துடைத்துவிட்டார்கள் என்று ஒரு பக்கம், மூலத்தில் இருப்பதைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று இன்னொரு பக்கம். ஆங்கிலத்தில் நடந்த இந்தச் சண்டையைத் தமிழில் படித்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்று தோன்றியது. நமக்கு இந்தக் கஷ்டமே இல்லை. 'உன்னப் பிடிச்சிருக்குன்னு சொல்றேன்' என்று எழுதினால் முடிந்தது. நட்பா, காதலா, அதற்கும் முந்திய ஏதோ ஒன்றா என்பதைப் 'பிடிச்சிருக்கு' தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். கேட்பவன் தவித்துக்கொள்ள வேண்டியதுதான். ஷிஞ்சி அப்படித்தான் தவிக்கிறான். ஆங்கிலம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டிய மொழி. ஒரு தடவை ஒன்று, இன்னொரு தடவை மற்றது.

புதிய மொழிபெயர்ப்பு மேல் எனக்குக் கோபமில்லை. தஸ்தயேவ்ஸ்கிக்குப் புது மொழிபெயர்ப்பு வருகிறது, வரட்டும், இரண்டையும் வைத்துக்கொண்டு சண்டை போடலாம். ஆனால் புதியது வந்த அன்று ராத்திரி பழையது எல்லா நூலகங்களிலிருந்தும் காணாமல் போவதில்லை. ஸ்ட்ரீமிங்கில் அதுதான் நடக்கிறது. அங்கே பதிப்பு என்ற கருத்தே இல்லை. 'இப்போது இருப்பது' மட்டும்தான் உண்டு. நேற்றுப் பார்த்ததும் இன்று பார்ப்பதும் ஒரே தலைப்பில், ஒரே படத்தோடு, வேறு வேறாக இருக்கலாம். மாறியது என்று ஒரு அடிக்குறிப்புகூட இருக்காது. பாடபேதம் என்று ஒரு அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. உ.வே.சா. ஒரே நூலுக்குப் பல ஊர் ஏடுகளைத் தேடி அலைந்தது, பிரதிகள் பல கைகளில் வேறு வேறாகத் தங்கியிருந்ததால்தான். ஒரே ஒரு ஏடு, அதுவும் ஒரே ஒரு மடத்தில், அதையும் அவர்களே அவ்வப்போது சுரண்டித் திருத்துவார்கள் என்றால் அவர் எதை எதோடு ஒப்பிட்டிருப்பார்? 'கார்ட்டூனுக்கு உ.வே.சா.வா' என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களோடு எனக்குப் பேச்சும் இல்லை.

இதுவரை எழுதியதைப் படித்தால் டிஸ்க் கட்சிக்கு ஓட்டுக் கேட்பது போல இருக்கும். அங்கேதான் சிக்கல்.

2021 இல் ஜிகிட்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் எவாஞ்சலியனை ப்ளூரேயில் கொண்டுவந்தது. படத்தின் தரம் அபாரம். ஆனால் 'ஃப்ளை மி டு தி மூன்' அதிலும் இல்லை. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பும் பழைய டப்பிங்கும் விலை கூடிய சிறப்புப் பெட்டிகளில் மட்டும் இருந்தன. சாதாரணப் பெட்டி வாங்கியவருக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட நெட்ஃப்ளிக்ஸ் வடிவம்தான், ப்ளாஸ்டிக் டப்பாவில். பாடபேதத்தைச் சொகுசுப் பொருளாக விற்கிறார்கள். நான் வாங்கினேனா? வாங்கினேன். அது வேற கதை, மனைவிக்கு இன்னும் விலை தெரியாது.

டிராகன் பால் ஸீ ரசிகர்களைக் கேட்டால் இன்னும் கொதிப்பார்கள். 2007 இல் ஃபுனிமேஷன் வெளியிட்ட ஆரஞ்சு நிற டிவிடி பெட்டிகளில், 4:3 அளவில் வரைந்த படத்தை அகலத் திரைக்காக மேலேயும் கீழேயும் வெட்டி 16:9 ஆக்கினார்கள். அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு 4:3 படத்தை 16:9 ஆக்கினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். தலைமுடிதான் ஹீரோவின் அடையாளம் என்று இருக்கிற ஒரு தொடரில் மேல்பக்கத்தை வெட்டுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். இதே வேலையை 2019 நவம்பரில் டிஸ்னி ப்ளஸ் சிம்ப்சன்ஸுக்குச் செய்தது. டஃப் பீர் ஆலைக் காட்சியில் மூன்று வகை பீரும் ஒரே குழாயிலிருந்துதான் வருகிறது என்பது ஜோக். குழாய் இருந்த மேல்பகுதி வெட்டுப்பட்டு, ஜோக் போய், மூன்று தொட்டிகள் மட்டும் நின்றன. ஆட்கள் கத்தினார்கள். 2020 மே மாதம் பழைய அளவைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. கவனியுங்கள், ஸ்ட்ரீமிங் தன் தவறை ஆறு மாதத்தில் திருத்திக்கொண்டது. என் நண்பர் ஒருவரின் ஆரஞ்சுப் பெட்டி இன்னும் தலை வெட்டுப்பட்டே இருக்கிறது. டிஸ்க்கில் நல்லதும் தங்கும், தப்பும் தங்கும்.

அப்புறம் நாங்கள், சேகரிப்பவர்கள். எங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ப்ளாஸ்டிக் உறையைப் பிரிக்காத டப்பா என்னிடம் இரண்டு இருக்கிறது. பிரித்தால் மதிப்புக் குறையுமாம். பார்ப்பதற்காக வாங்கியதைப் பார்க்காமல் வைத்திருப்பதில்தான் அதன் மதிப்பு என்றால், அது தொடரா, தங்கக் காசா? முதுகுகள் வரிசையாகத் தெரிகிற மாதிரி அலமாரியைப் படம் எடுத்துப் போடுவது, 'பாதுகாப்பு' என்ற பெரிய வார்த்தையை அதற்குத் தலைப்பாக வைப்பது. நானும் செய்திருக்கிறேன். என்னிடம் இருக்கும் டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் ஒருமுறைக்கு மேல் ஓடியதில்லை.

இன்னொன்று, நான் இந்தத் தொடர்களுக்குள் வந்தது டிஸ்க் வழியாக இல்லை. 2008 இல் எங்கள் ஹாஸ்டலில் யார் டிஸ்க் வாங்கினான்? ஒருவன் எங்கிருந்தோ இறக்குவான், ஹாஸ்டல் லேனில் போடுவான், காலைக்குள் இருபது அறைகளில் இருக்கும். சப்டைட்டில் எழுதியவர்கள் யாரோ முகம் தெரியாத ரசிகர்கள். திரையின் மேல் ஓரத்தில் ஜப்பானியச் சொல்லுக்கு விளக்கம் எல்லாம் போடுவார்கள். நான் பார்த்த முதல் பதவுரை உள்ள கார்ட்டூன் அதுதான். ஒரு எபிசோடு பெரும்பாலும் 175 எம்பி இருக்கும். ஏன் 175 என்று ரொம்ப நாள் தெரியாது. 175 ஐ நான்கால் பெருக்கினால் 700. ஒரு சிடியின் கொள்ளளவு. நான்கு எபிசோடு ஒரு சிடியில் எரிப்பதற்காக வைத்த கணக்கு. சிடியில் எரிப்பதை எல்லோரும் நிறுத்திய பிறகும் அந்த அளவு ரொம்ப காலம் மாறவில்லை. டவுன்லோட் என்று நாம் சொன்னதன் எலும்புக்கூட்டில் ஒரு டிஸ்க் இருந்தது.

அதனால்தான் 'டிஸ்க்கா, டிஜிட்டலா' என்று இந்த விவாதத்தைப் பிரிப்பது எனக்கு ஒப்பவில்லை. டிவிடியும் டிஜிட்டல்தான். பூட்டில்லாத ஒரு கோப்பு என் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், அது நெட்ஃப்ளிக்ஸுக்கு உறவா, அலமாரிக்கு உறவா? அலமாரிக்குத்தான். நான் சாகிறவரை அதை யாரும் தொலைவிலிருந்து மாற்ற முடியாது. இன்னொரு பக்கம், 'டவுன்லோட்' என்று ஸ்ட்ரீமிங் செயலிகளில் ஒரு பொத்தான் இருக்கிறதே, அது டவுன்லோடே இல்லை. கோப்பு உங்கள் போனில் இருக்கும், சாவி அவர்களிடம் இருக்கும். நெட்ஃப்ளிக்ஸில் சில தலைப்புகள் இறக்கிய பிறகு ஓட்ட ஆரம்பித்தால் 48 மணி நேரத்தில் காலாவதியாகும். தயிர்கூட ஃபிரிட்ஜில் அதைவிட அதிக நாள் தாங்கும்.

டிஸ்க் பெட்டிக்குள்ளேயே இந்த ஏமாற்று நடந்திருக்கிறது. ஃபுனிமேஷன் தன் பெட்டிகளுக்குள் ஒரு குறியீட்டுச் சீட்டு வைத்திருந்தது. அதைப் பதிந்தால் அதே தொடரின் டிஜிட்டல் பிரதி உங்கள் கணக்கில் சேரும். 2024 ஏப்ரல் 2 அன்று அந்தச் சேவை மூடப்பட்டு எல்லாம் க்ரன்ச்சிரோலுக்குப் போனது. டிஜிட்டல் பிரதிகள் மட்டும் போகவில்லை. காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் டிஸ்க் மிஞ்சியது, சீட்டு குப்பையானது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. திரும்பப் பிடுங்கக்கூடிய உரிமத்தை விற்கும்போது, அது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பொத்தானில் போடக் கூடாது. சொல்லுக்காக ஒரு சட்டம். எழுதுகிறவனாக எனக்கு அது பிடித்திருந்தது. கோடு எழுதுகிறவனாகக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கூச்சத்துக்குக் காரணம் சொல்கிறேன். சில வருஷங்கள் முன்னால் ஒரு வீடியோ தளத்தில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு தலைப்புக்கும் தரவுத்தளத்தில் இரண்டு தேதிகள் இருக்கும், எப்போதிலிருந்து, எப்போது வரை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு நிரல் தானாக ஓடி, இரண்டாவது தேதி தாண்டிய தலைப்புகளின் நிலையை மாற்றும். தேடலில் வராது, பட்டியலில் இருக்காது, போனில் இறக்கி வைத்திருந்தால் அடுத்த தடவை இணையத்தைத் தொட்டதும் சாவி செல்லாது. அந்த நிரலை எழுதியது நான். அதற்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து கையால் செய்துகொண்டிருந்தார், தப்பு வரும். நான் எழுதியதில் தப்பே வந்ததில்லை. அந்த வருஷம் எனக்கு நல்ல மதிப்பீடு.

ஒரு நாள் வாடிக்கையாளர் பிரிவிலிருந்து ஒரு புகார் எங்கள் பக்கம் தள்ளிவிடப்பட்டது. ஒரு அம்மா எழுதியிருந்தார். பையனுக்கு ஐந்து வயசு, பேச்சு தாமதம். ஒரு கார்ட்டூனின் ஒரே ஒரு எபிசோடைத் தினமும் சாப்பிடும்போது பார்ப்பான், அதிலிருந்துதான் சில வார்த்தைகள் பேச ஆரம்பித்திருக்கிறான், இரண்டு நாளாகக் காணோம், சந்தா கட்டியிருக்கிறேன், எங்கே போச்சு என்று கேட்டிருந்தார். பார்த்தேன். என் நிரல் சரியாக ஓடியிருந்தது. புகாரை மூடும்போது ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'எதிர்பார்த்தபடி வேலை செய்கிறது' என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து மூடினேன். அந்தக் கார்ட்டூன் டிஸ்க்காக வந்திருக்கிறதா என்று அன்று மாலை நானாகத் தேடிப் பார்த்தேன். வரவில்லை. அந்த அம்மாவுக்குப் பதில் எழுதும் அனுமதி என் வேலையில் இல்லை. எழுதியிருந்தாலும், எங்கேயாவது திருட்டுப் பிரதி இருக்கும், தேடிப் பாருங்கள் என்றுதான் எழுதியிருப்பேன்.

2022 ஆகஸ்டில் எச்பிஓ மேக்ஸ் ஒரே வீச்சில் பல தொடர்களை நீக்கியபோது அந்த ராத்திரி நிரல்தான் நினைவுக்கு வந்தது. வார்னரும் டிஸ்கவரியும் இணைந்த பிறகு நடந்த செலவுக் குறைப்பு. நீக்கப்பட்டவற்றில் நிறைய அனிமேஷன். அதில் ஒன்று ஓவன் டென்னிஸ் உருவாக்கிய 'இன்ஃபினிட்டி ட்ரெயின்'. முடிவில்லாத ஒரு ரயில், பெட்டிக்குப் பெட்டி ஒரு தனி உலகம். வாழ்க்கையில் எங்கோ சிக்கிக்கொண்ட ஆட்களை அது ஏற்றிக்கொள்ளும். கையில் ஒரு பச்சை எண் ஒளிரும். உள்ளே இருப்பது சரியாகச் சரியாக எண் குறையும், பூஜ்யம் ஆனால் வெளியே போகக் கதவு திறக்கும். நான்கு பாகங்கள், பாகத்துக்குப் பத்து எபிசோடு, ஒவ்வொன்றும் சுமார் பதினோரு நிமிடம்.

முதல் பாகத்தின் நாயகி ட்யூலிப், கேம் எழுதும் சிறுமி. அப்பா அம்மா பிரிந்துவிட்டார்கள். அந்த ரயிலில் பயணிகள் ஒவ்வொருவரின் நினைவுகளும் ஒரு டேப்பில் பதிவாகியிருக்கும். ஒரு எபிசோடில் ட்யூலிப் தன் டேப்புக்குள் போகிறாள். வெளிச்சமான, எல்லோரும் சிரிக்கிற காட்சிகள். பார்க்கப் பார்க்கத்தான் தெரிகிறது, அந்தச் சிரிப்பை எல்லாம் அவளே பின்னால் சேர்த்திருக்கிறாள். நடந்தது வேறு. சண்டை அப்போதே இருந்திருக்கிறது, அவள்தான் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாள். குழந்தைகளுக்கான தொடர்களில் நினைவைப் பற்றி இவ்வளவு இரக்கமில்லாமல் பேசிய இன்னொன்றை நான் பார்த்ததில்லை. டேப் இருந்ததால்தான் அவளால் தன் பொய்யைப் பார்க்க முடிந்தது.

மூன்றாவது பாகம் இன்னும் மேல். கிரேஸ், சைமன் என்று இரண்டு பேர். எண்ணைக் குறைப்பதற்குப் பதிலாக ஏற்றுவதுதான் பெருமை என்று நம்பும் பிள்ளைக் கூட்டத்துக்குத் தலைவர்கள். ரயிலில் பிறந்த உயிர்கள் உயிர்களே இல்லை என்பது அவர்கள் சித்தாந்தம். கிரேஸ் மெல்ல மாறுகிறாள். சைமன் மாறுவதில்லை. கடைசிவரை மாறாமலே அழிகிறான். கெட்டவன் கடைசியில் திருந்துவான் என்று பழகிய பிள்ளைகளுக்கு, திருந்தாமலும் ஒருவன் போகலாம், அவனுக்காகவும் அழலாம் என்று காட்டிய பாகம். நான்கிலும் சிறந்தது அதுதான் என்று சண்டை போடத் தயார்.

முதல் இரண்டு பாகங்கள் டிவிடியாக வந்தன. மூன்றும் நான்கும் டிஸ்க்காக வரவே இல்லை. அவை நேராக எச்பிஓ மேக்ஸில் வெளியானவை. அந்தச் செயலி அப்போது இந்தியாவில் கிடையாது. பிறகு நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும். ஒரு அலமாரிக்காரனாக நான் ஒப்புக்கொள்ள வேண்டியது இதுதான்: எனக்கு மிகப் பிடித்த பாகத்தை என் அலமாரி காப்பாற்றவில்லை. யாரோ இறக்கி, பூட்டை உடைத்து, நாலு பேருக்குக் கொடுத்த கோப்புதான் காப்பாற்றியது. 'ஒரிஜினல்தான் வாங்குவேன்' என்று நான் அடிக்கும் பெருமை அந்தப் பாகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

தம்பிக்கு இதே விஷயம் வேறு மாதிரி நடந்திருக்கிறது, அவனுக்குத்தான் தெரியவில்லை. 2007 இல் சுட்டி டிவி தொடங்கிய காலத்தில் அவன் ஆறாவது. அதில் தமிழில் வந்த ஜாக்கி சான் கார்ட்டூன் அவனுக்கு வேதம். இன்றைக்கும் வசனம் வசனமாக, அந்த ஏற்ற இறக்கத்தோடு சொல்வான். மூலத்தில் இல்லாத நக்கலெல்லாம் அந்த டப்பிங்கில் இருந்தது. அந்தத் தொடருக்கு டிஸ்க் இருக்கிறது, நான் தேடியவரை எதிலும் தமிழ் ஒலி இல்லை. கண்ணில் பட்ட தமிழ்ப் பிரதிகள் எல்லாம் யாரோ வீட்டில் டிவியிலிருந்து பதிந்தவை. மூலையில் சேனல் முத்திரை, நடுவில் வெட்டுப்பட்ட விளம்பர இடைவேளை, பாதி எபிசோடு இல்லை. அந்தக் குரல்களுக்குச் சொந்தக்காரர்களின் பெயர்கூட பலருக்குத் தெரியாது. எவாஞ்சலியனின் ஆங்கிலச் சொல் ஒன்றுக்காக உலகமே சண்டை போட்டது. நம் தமிழ் டப்பிங்குக்குச் சண்டை போட ஒரு முழுப் பிரதிகூட இல்லை.

வீடு மாறி ஒரு வாரம் கழித்து, அந்தப் பெட்டியைப் பிரித்து அடுக்கினேன். எவாஞ்சலியன் பழைய டிவிடி, ஏடிவி நிறுவனத்தின் பிளாட்டினம் பதிப்பு. 2014 இல் நியூஜெர்சியிலிருந்த சித்தப்பா மகன் பழைய சரக்காக வாங்கி வந்து கொடுத்தது. அமெரிக்காவின் ரீஜன் 1, நம்முடையது 5. ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் ரிமோட்டில் ஏதோ நாலு எண்ணை அமுக்கி, "இனிமே எந்த ஊர் தட்டு போட்டாலும் ஓடும் சார்" என்று என் பிளேயரைத் திறந்துவிட்டார். அதில் 'ஃப்ளை மி டு தி மூன்' இருக்கிறது. 'லவ்' இருக்கிறது. 21 முதல் 24 வரை, டிவியில் வந்த வடிவமும் அன்னோ பிறகு விரித்த வடிவமும் இரண்டும் இருக்கின்றன. வெளியிட்ட கம்பெனி 2009 இல் மூடிவிட்டது.

தம்பிக்கு வீடியோ கால் போட்டு, 24 ஐ ஓட்டிக் காட்டலாம் என்று தட்டைப் போட்டேன். குளியலறைக் காட்சி வந்தது. பிறகு கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. அசையாத அந்தக் காட்சி இன்னும் வரவே இல்லை, அதனால் இது அன்னோ நிறுத்தியது இல்லை. "ஹேங் ஆயிடுச்சாண்ணா?" என்றான் தம்பி. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீறல் இல்லை. ஓரத்திலிருந்து உள்ளே வெண்கல நிறத்தில் லேசாக ஒரு மேகம்.

டிஸ்க் அழுகும். ஒட்டிய இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும் உலோகப் பூச்சு கெட்டுப்போகும். 2006 முதல் 2009 வரை அச்சடித்த தன் டிவிடிகளில் சில இப்படிக் கெட்டுப்போவதை வார்னர் நிறுவனமே 2025 இல் ஒப்புக்கொண்டது. அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான், உறை பிரிக்காதவர்களுக்கும். பிரிக்காதவருக்குத் தெரிய வருவதுதான் தாமதம்.

கெட்ட தட்டிலிருந்து படிக்க முடிந்ததை எல்லாம் படித்தெடுக்கும் ஒரு கருவி இருக்கிறது, டிடிரெஸ்க்யூ. முதல் சுற்றில் நல்ல பகுதிகளை அள்ளிவிடும். படிக்க முடியாத இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டு, பிறகு அங்கேயே திரும்பத் திரும்ப முட்டிப் பார்க்கும். பூட்டைத் திறப்பது சட்டப்படி சரியா என்று வக்கீல் நண்பரிடம் கேட்டேன். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம் என்கிறது, உன் நோக்கம் என்ன என்று திருப்பிக் கேட்டார். பாட்டுக் கேட்கிற நோக்கம் என்றேன்.

நாலு நாளாகப் பழைய மடிக்கணினி ஒன்று மேஜையடியில் இதற்காகவே ஓடிக்கொண்டிருக்கிறது. எபிசோடு முடிவுப் பாட்டு முழுசாக வந்துவிட்டது. குளியலறைக் காட்சியில் கவோரு அந்த வார்த்தையைச் சொல்லும் இடமும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு சில நொடிகள்தான் சிக்கல். காலையில் தம்பி கேட்டான், "எவ்ளோ மிச்சம்ணா?" திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். நேற்று ராத்திரி நாற்பத்தோரு செக்டர் இருந்தது, இப்போது முப்பத்தெட்டு.